லாபிஸில் வாங்கிய தினசரி நாட்காட்டி: 2025 முழுவதும் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், செம்பனைத் தோட்டங்களும் மிஞ்சியிருக்கும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த லாபிஸ் நகரின் கடைத்தெருவில், மளிகையும் பூசைப் பொருள்களும் சேர்த்து விற்கும் சிறிய கடை ஒன்றில், 2024 டிசம்பரில் 16 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு தினசரி நாட்காட்டி வாங்கினேன். முருகன் படம் அச்சிட்ட கெட்டி அட்டை, அதன்கீழ் நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கும் தாள்கட்டு, மாட்டுவதற்கு ஒரு வளையம் என்று பார்வைக்கு எல்லா வீடுகளிலும் தொங்குகின்ற நாட்காட்டியைப் போலத்தான் அதுவும் இருந்தது. எங்கள் சமையலறைச் சுவரில் ஓராண்டு தொங்கி, தாள்கள் கிழிந்து தீரப்போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் வழக்கமாக வாங்கும் தமிழ்நாட்டு நாட்காட்டியைத்தான் கேட்டேன். அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இதையும் வைத்து, "தம்பி, இதுல போட்டிருக்கிறது நம்ம ஊரு நேரம். கூட்டிக் கழிக்க வேண்டியதில்ல, பார்த்து எடுங்க" என்றார். தாளின் அடியில் சிறிய எழுத்தில், ‘கோலாலம்பூர் சூரிய உதயம், மலேசிய நேரம்’ என்று அச்சாகியிருந்தது. எந்த ஊர் வானத்துக்கு, எந்தக் கடிகாரத்துக்குக் கணித்தது என்பதைச் சொல்லிவிடும் நாட்காட்டியை அதற்கு முன்பு நான் கையில் எடுத்ததில்லை. அந்த ஒரு வரிக்காகவே இதை வாங்கினேன். அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது ஆண்டு நகர நகரத்தான் விளங்கியது.

அதன் அருமை எனக்கு ஏன் தெரிந்தது என்றால், சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் திதியில் எங்களுக்கு நேர்ந்த பிழை இன்னும் மனத்தை உறுத்துகிறது. அப்போது சுவரில் இருந்தது சென்னையில் அச்சிட்ட நாட்காட்டி. அதில் முற்பகல் 11.50-க்குத் திதி தொடங்குவதாகப் போட்டிருந்ததைப் பார்த்து, நண்பகலுக்குப் படையலிட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, உறவினர்களையும் உட்கார வைத்துப் பரிமாறி முடித்துவிட்டோம். சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு; அந்தத் திதி எங்கள் கடிகாரத்தில் பிற்பகல் 2.20-க்குத்தான் தொடங்கியது. மாலையில் கோயில் குருக்கள் வந்து சொன்ன பிறகுதான் அது தெரிந்தது. அம்மா எதுவும் பேசாமல் மறுபடியும் குளித்துவிட்டு வந்து, மறுபடியும் உலை வைத்தார். இந்த ஆண்டு அந்தத் தாளில் திதியின் தொடக்கமும் முடிவும் மலேசிய நேரத்திலேயே இருந்தன. அம்மா இரண்டு நாள்களுக்கு முன்பே தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு இலை போட வேண்டும் என்று தாமே சொல்லிவிட்டார்.

திதிக்கு இரண்டரை மணி கூட்டினால் போதும். இராகு காலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நானும் அறியாமல்தான் இருந்தேன். திதி நிலவையும் சூரியனையும் பொறுத்தது, உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் மாறுவது. இராகு காலமோ, அந்தந்த ஊரில் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையிலான பொழுதை எட்டாகப் பகுத்து, கிழமைக்கு ஒரு பகுதியாக ஒதுக்குவது. ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று பாட்டி மனப்பாடம் செய்வித்த தொடரின் முதலெழுத்துகள் கிழமைகளின் வரிசையைத் தருகின்றன. அதன்படி திங்கட்கிழமைக்கு இரண்டாம் பகுதி. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்தால் அது 7.30 முதல் 9.00 வரை. நம் ஊரில் சூரியன் 6 மணிக்கு உதிப்பதில்லை. பிப்ரவரித் தாள்களில் உதயம் 7.25-ஐ ஒட்டி இருந்தது. அப்படியானால் திங்கட்கிழமை இராகு காலம் 8.55 முதல் 10.25 வரை. பழைய அச்சுக்கும் இதற்கும் பொதுவாக இருப்பது ஐந்தே நிமிடம்.

இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் தாளைக் காட்டிச் சொன்னபோது, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். என் தந்தையார் திங்கட்கிழமைகளில் ஏழரை முதல் ஒன்பது வரை வாசலைத் தாண்ட மாட்டார். ஒன்பது அடித்ததும் புறப்பட்டுவிடுவார். "அப்ப, அப்பா கெளம்புனதெல்லாம் ராகு காலத்துலயா?" என்று மட்டும் அம்மா கேட்டார். நல்லபடியாகத்தான் வாழ்ந்தார் என்று நான் சொன்னேன்.

இது யாருடைய பிழை என்று தேடிப் பார்த்தால் கடிகாரத்தின் வரலாற்றில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1905-இல் மலாயாவில் பொது நேரம் வகுக்கப்பட்டபோது அது கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னதாக இருந்தது. அந்தக் கடிகாரத்தில் லாபிஸ் போன்ற ஊரில் சூரியன் ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டியே உதித்திருக்கும். கப்பலேறி வந்த நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த இராகு காலம் அன்று பொருந்தியே இருந்தது. பிறகு 1933-இல் 20 நிமிடம், 1941-இல் இன்னும் 10 நிமிடம் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டது. 1982 ஜனவரி 1 அன்று, தீபகற்பத்தின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக மேலும் அரை மணி தள்ளப்பட்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி அப்படியே நள்ளிரவு 12 ஆனது. ஆக, நூறாண்டுக்குள் கடிகாரம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிட, சுவரில் இருந்த 7.30 – 9.00 மட்டும் அசையாமல் இருந்துவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகற்பொழுது பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. எட்டில் ஒரு பகுதி எப்போதும் ஒன்றரை மணியே. தொடக்க நேரத்தை மட்டும் சரியாக அச்சிட்டால் போதும். அதை இந்த நாட்காட்டி செய்திருக்கிறது.

1982 என்றதும் எனக்குப் பெரட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர்களை விடியலில் கூட்டிப் பெயர் அழைத்து வேலைக்கு அனுப்பும் வழக்கம், நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தோட்டத்தில் தண்டவாளத் துண்டை அடித்துப் பெரட்டுக்கு அழைப்பார்கள். ரப்பர் மரத்துக்குக் கடிகாரம் தெரியாது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் தாராளமாக இறங்கும். அந்தப் புத்தாண்டுக்குப் பிறகு சில வாரங்கள் மணி பழைய எண்ணிலேயே அடிக்கப்பட்டது. அதாவது அரை மணி நேரம் கூடுதல் இருட்டில். அம்மா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரத்தில் வெட்டும் கோடு தெரியாமல் மரத்தடியில் காத்திருந்ததாகச் சொல்வார். பிறகு பெரட்டு நேரத்தைத் தள்ளி வைத்தார்கள். பள்ளி நேரம் தள்ளவில்லை. நாங்கள் கைவிளக்கோடு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) நடந்தோம்.

நாட்காட்டியின் இரண்டாவது சிறப்பு தாள்களின் பின்பக்கம். வாரத்துக்கு ஒன்றாக, காலக்கணக்கு மாறிய கதைகளைச் சிறு குறிப்புகளாக எழுதியிருக்கிறார்கள். மற்ற நாட்காட்டிகளில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அல்லது விளம்பரம் இருக்கும். இங்கே, கிழித்த தாளை எறியாமல் படிக்க வைத்துவிட்டார்கள். நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அவற்றில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து நின்ற குறிப்பு பிப்ரவரி 15-ஆம் தேதித் தாளில் இருந்தது. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு ஜப்பானியர் இங்கே கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே. ஆண்டையும் ஜப்பானியக் கணக்குக்கு மாற்றினார்கள், 1942 என்பது தாள்களில் 2602 ஆனது. எங்கள் பெரியம்மாவின் பிறப்புத் தாளில் 2603 என்று இருப்பதை நாங்கள் சிறுவயதில் எழுத்தரின் பிழை என்றே நினைத்திருந்தோம். அது 1943. அதைவிட முக்கியமானது, அதில் எழுதியிருந்த ‘காலை 6.15’. பாட்டி எப்போதும், "இவ கோழி கூவுறதுக்கு முன்னால இருட்டுல பொறந்தவ" என்பார். சாதகம் எழுதியவரோ 6.15 என்பதை உதய காலமாக எடுத்துக்கொண்டு இலக்கினம் குறித்துவிட்டார். தோக்கியோ கடிகாரத்தின் 6.15 அதற்கு முந்தைய கடிகாரத்தில் 4.45. ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிற்கும் என்பதால், பெரியம்மாவின் திருமணப் பொருத்தம் முழுவதும் வேறோர் இலக்கினத்தை வைத்தே பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாளைப் படித்த இரவு அம்மா பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 4-ஆம் தேதித் தாளின் குறிப்பும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய ஜூலியன் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிட 11 நிமிடம் நீளமாக இருந்ததால் நூற்றாண்டுகளில் பத்து நாள் பிழை சேர்ந்துவிட, போப்பாண்டவர் 13-ஆம் கிரகோரி 1582-இல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். அந்த இரவில்தான் ஸ்பெயினில் ஆவிலாவின் புனித தெரேசா உயிர்நீத்தார். ஓரிரவில் இறந்து, மறுநாள் என்பது 15-ஆம் தேதி ஆகிவிட்டதால், அவருடைய திருநாளைக் கத்தோலிக்கர் இன்றும் அக்டோபர் 15-இல் கொண்டாடுகிறார்கள். சுவீடன் மெல்ல மெல்ல மாறலாம் என்று தொடங்கி, குழம்பி, பழைய கணக்குக்கே திரும்புவதற்காக 1712-இல் பிப்ரவரிக்கு 30 நாள் வைத்த செய்தி இன்னொரு தாளில் இருந்தது. பிப்ரவரி 30-இல் பிறந்த குழந்தைக்கு அடுத்த பிறந்தநாள் எப்போது என்று என் மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

செப்டம்பர் 2-ஆம் தேதிக் குறிப்பில் மட்டும் எனக்குக் குறை இருக்கிறது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் மாறியபோது, செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆனது உண்மை. ஆனால் ‘எங்கள் 11 நாள்களைத் திருப்பிக் கொடு’ என்று மக்கள் கலகம் செய்ததாக இதில் உறுதியாக எழுதியிருக்கிறார்கள். அப்படியொரு கலகம் நடந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் சான்று காணவில்லை. ஹோகார்த் என்ற ஓவியர் 1755-இல் தீட்டிய தேர்தல் விருந்து ஓவியம் ஒன்றில் அந்த வாசகம் எழுதிய பதாகை கிடப்பதிலிருந்து பரவிய கதை அது. நடந்த செய்தியே போதுமான அளவு வியப்பானது. வாடகையும் கடனும் நாள் கணக்கில் குறையாமலிருக்க வேண்டும் என்பதால் அவற்றின் தவணைகளுக்கு 11 நாள் தள்ளி வைக்கச் சட்டத்திலேயே வழி செய்தார்கள். மார்ச் 25-ஐ ஒட்டியிருந்த கணக்காண்டு அப்படியே ஏப்ரல் தொடக்கத்துக்கு நகர்ந்தது. இன்றும் பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. கட்டுக்கதைக்குச் செலவிட்ட நான்கு வரிகளை இதற்குக் கொடுத்திருக்கலாம். அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும் என்று கடைக்காரர் வழியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நம் பஞ்சாங்கமும் ஜூலியன் ஆண்டின் இதே நோயை உடையது என்பதை மறைக்காமல் எழுதியிருப்பதற்காகப் பதிப்பாளரைப் பாராட்டுகிறேன். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்களை ஒட்டிய ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளமானது. அதனால் அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நம் மாதங்கள் ஆங்கிலத் தேதிகளில் தள்ளிப் போகின்றன. விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார். அன்று ஜனவரி 12. இப்போது பொங்கல் 14-இலோ 15-இலோ வருகிறது. இந்தியா விடுதலை பெற்றபின் அறிவியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த குழு, நாடு முழுவதும் சுமார் முப்பது பஞ்சாங்கங்கள் புழங்குவதைக் கண்டு ஒரு பொது நாட்காட்டியை வகுத்தது. அது 1957 மார்ச் 22 முதல் அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் இடம்பெற்றது, வீடுகளுக்குள் வரவில்லை. எந்தக் குழு என்ன சொன்னாலும் நம் வீட்டுப் பெண்கள் ஆடி வெள்ளியை ஆடியில்தான் கும்பிடுவார்கள்.

பழைய வாய்பாட்டை ஒட்டிய வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் அளவையை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இந்த நாட்காட்டி பக்கம் சாராமல் இரண்டையும் தருகிறது. மார்ச் 29-ஆம் தேதித் தாளில், ‘திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 6.3.2026’ என்று இரு வரிகள். பழைய வாய்பாட்டுக்கும் இன்றைய வானியல் அளவைக்கும் இடையே இருக்கும் சிறு வேறுபாடு, மெல்ல நகரும் சனியிடம் ஏறத்தாழ ஓராண்டாகப் பெருகிவிடுகிறது. 2023-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு பெயர்ச்சி வந்தபோது எங்கள் தோட்டக் கோயிலில் இரண்டுக்கும் எள் விளக்கு ஏற்றினோம். ஏன் இரண்டு என்று கேட்ட பிள்ளைகளுக்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. இந்தத் தாள் அன்று கையில் இருந்திருக்கலாம்.

புத்தாண்டிலும் அப்படியே. தை முதல் நாளில் திருவள்ளுவர் ஆண்டு 2056 என்றும், சித்திரை முதல் நாளில் விசுவாவசு என்றும், இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிச் சட்டம் வந்ததும், 2011-இல் அது நீக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது என்றாலும், லாபிஸில் ஒரே தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டில் தையிலும் எதிர்வீட்டில் சித்திரையிலும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதைக் கேட்கலாம். எங்கள் வீட்டில் சித்திரை. என் தம்பி வீட்டில் தை.

இனி, வார விடுமுறை. ஜொகூரில் 2014 தொடங்கி 2024 முடிய அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் சனி, ஞாயிறுதான். பதினோராண்டு எங்கள் வீட்டில் பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஓய்ந்திருந்த நாள் சனி ஒன்றே. நெகிரி செம்பிலானில் இருக்கும் உறவினர் திருமணங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பிள்ளைகளுக்கு அன்று பள்ளி. கோயிலில் ஞாயிறு காலை நடந்துவந்த தேவார வகுப்பை வெள்ளிக்கு மாற்றினார்கள். கற்பிக்கும் ஆசிரியருக்கு அன்று வேலை இருந்ததால் வகுப்பே நின்றுபோனது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு என்ற அறிவிப்பு 2024 அக்டோபரில் வந்தது. அதற்குள் நாட்காட்டிகள் அச்சாகிவிட்டன. எனக்கு இலவசமாகக் கிடைத்த வேறொரு நாட்காட்டியில் ஆண்டு முழுவதும் ஜொகூருக்கு வெள்ளிக்கிழமை சிவப்பாகவே இருந்தது. அதை நம்பி ஜனவரியில் ஒரு வெள்ளியன்று என் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டோம். நான் வாங்கிய இந்த நாட்காட்டியிலும் தாள்களின் அச்சு மாறவில்லை. ஆனால் முருகன் படத்தின் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, ‘ஜொகூர் வார விடுமுறை 1.1.2025 முதல் சனி, ஞாயிறு’ என்று பெரிய எழுத்தில் தெரிவித்திருந்தார்கள். ஒவ்வொரு நாட்காட்டியாக எடுத்து ஒட்டியிருக்க வேண்டும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

பொருளாக எடுத்துக்கொண்டால் குறைகள் உண்டு. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்தின் மை முன்பக்கம் தெரிவதால் சாய்ந்த வெளிச்சத்தில் திதி நேரங்களைப் படிக்க அம்மா சிரமப்பட்டார். ஆகஸ்டுக்குப் பிறகு கட்டின் பிடிப்புத் தளர்ந்து, ஒன்றைக் கிழித்தால் இரண்டு வந்தது; ஒரு முறை அப்படி வந்த தாளைக் கவனிக்காமல் ஒரு பிரதோஷத்தை விட்டுவிட்டோம். கணிப்பு கோலாலம்பூருக்கானது என்பதால் லாபிஸில் உதயம் அதைவிட ஐந்து நிமிடம் முந்தும். இராகு காலத்துக்கு அது பெரிதில்லை. தமிழ்நாட்டு நாட்காட்டி 9 வெள்ளிக்குக் கிடைக்கும்போது இது 16 வெள்ளி. இங்குள்ள கணிப்புக்கு அந்த ஏழு வெள்ளி தகும் என்பதே என் முடிவு.

2026-க்கான கட்டு கடைக்கு வந்துவிட்டது. இம்முறை இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. அட்டைப் படம் ஒன்றேதான். ஒன்றில் வெள்ளியும் சனியும் சிவப்பு, அது கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களுக்கு உரியது. நம் ஊரில் வாங்குபவர்கள் முதல் சில தாள்களைத் தூக்கி, ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் மூன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று.